கறி விலையும் ‘ஏற்றுமதி வண்டி’யும்: நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பிற்குரிய வாடிக்கையாளப் பெருமக்களுக்கு வணக்கம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் நம் காங்கயம், திருப்பூர் கடைகள் இரண்டிலும் வெள்ளாட்டுக் கறியின் விலை கிலோ 880 ரூபாயிலிருந்து 960 ரூபாயாகிறது. செம்மறிக் கறிக்கும் அதே 80 ரூபாய் கூடுகிறது. விலைப் பலகையை மாற்றி எழுதிவிட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்திருந்தோம். ஆனால் விலை உயர்வோடு சேர்த்து, நம் கடையைப் பற்றி ஒரு படமும் பேச்சும் சில வாரங்களாக வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவருவதால், இரண்டுக்கும் சேர்த்து விளக்கம் சொல்ல வேண்டியது எங்கள் கடமையாகிறது.

நம் திருப்பூர் கடையின் முன் நிற்கும் ஒரு குளிர்சாதன வண்டியின் படம் அது. வண்டியின் பக்கவாட்டில் ‘எக்ஸ்போர்ட்’ என்று எழுதியிருக்கிறது. நல்ல கறியை வளைகுடா நாடுகளுக்கு அனுப்பிவிட்டுக் கழித்துப்போட்ட ஐஸ் கறியை உள்ளூரில் விற்கிறோம் என்று படத்தோடு ஒரு குரல் பதிவும் வருகிறது. இருபது ஆண்டுக்கும் மேலாக நம்மிடம் வாங்கும் ஓர் அம்மா கடைக்கே வந்து, “ஏனுங்க, நல்ல கறியெல்லாம் கப்பல்ல ஏத்தீட்டு எங்களுக்கு ஐஸ் கறியா போடறீங்க?” என்று கேட்டார்கள். அவர்கள் நேரில் வந்து கேட்டதற்கு நன்றி சொல்கிறோம். கேட்காமலேயே வேறு கடைக்குப் போனவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

முதலில் வண்டியின் கதை. நம்மிடம் பல ஆண்டுகள் இருந்த கறி வெட்டும் தம்பி, துபாயில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் இறைச்சிப் பிரிவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். நல்ல சம்பளம், அவர் குடும்பத்துக்கு அது வேண்டும், மகிழ்ச்சியோடுதான் அனுப்பிவைத்தோம். தொடையைத் தனியாக, நெஞ்செலும்பைத் தனியாக, குழம்புக்கு ஒரு அளவு, வறுவலுக்கு ஒரு அளவு என்று கேட்ட மாத்திரத்தில் வெட்டித் தருகிற கை அவருடையது. அப்படி ஒருவரை உடனே பிடிக்க முடியவில்லை. எனவே இரண்டு கடைக்குமான ஆடுகளையும் இப்போது காங்கயத்திலேயே விடியற்காலையில் உரித்து, திருப்பூருக்கான கறியை வண்டியில் அனுப்புகிறோம். சித்திரை வெயிலில் கோணியைப் போர்த்தி மொபட்டில் கறி கொண்டுபோகும் காலம் முடிந்துவிட்டது. வழியில் சூடேறாமல் இருக்கக் குளிர்சாதன வண்டி வேண்டும். அந்த வண்டியை வாடகைக்குப் பிடித்தோம். முன்பு அதை வைத்திருந்தவர் மீன் ஏற்றுமதித் தொழிலில் இருந்தவர். அவர் எழுதிய எழுத்துதான் அது. வண்டிக்காரரிடம் சொல்லி அதை அழிக்கச் செய்தாயிற்று. அதிகாலை உரித்த கறி காலை ஆறரை மணிக்குத் திருப்பூரில் தொங்குகிறது. அதை ஐஸாக உறைய வைக்க நேரமும் இல்லை, அதற்கான பெட்டியும் நம்மிடம் இல்லை.

இனி ஏற்றுமதி. நாம் ஏற்றுமதி செய்யவில்லை என்று சொன்னால் மட்டும் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால், அந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

செய்தித்தாளில் ‘இந்தியாவின் இறைச்சி ஏற்றுமதி’ என்று படிக்கும்போது பலரும் ஆட்டுக்கறி என்று எண்ணிவிடுகிறார்கள். அதில் மிகப் பெரும்பகுதி எருமை இறைச்சி. பசு இறைச்சி ஏற்றுமதிக்குத் தடை இருக்கிறது; எருமையிலும் எலும்போடு அனுப்ப அனுமதி இல்லை. 2023-24ஆம் ஆண்டில் சுமார் 12.95 லட்சம் டன் எருமை இறைச்சி, ஏறத்தாழ 31,000 கோடி ரூபாய் மதிப்பில் வெளியே போனது. மலேசியா, வியட்நாம், எகிப்து, இராக், இந்தோனேசியா, அரபு நாடுகள் எல்லாம் வாங்குகின்றன. அதே காலத்தில் ஆட்டிறைச்சி ஏற்றுமதி ஆண்டுக்குப் பத்தாயிரம் டன் அளவிலேயே நிற்கிறது. நாட்டில் 2023-24இல் உற்பத்தியான மொத்த இறைச்சி 1.025 கோடி டன்; அதில் வெள்ளாடும் செம்மறியும் சேர்ந்து கால் பங்குக்கு மேல். கணக்குப் போட்டுப் பார்த்தால், நாட்டில் உரிக்கும் ஆட்டுக்கறி நூறு கிலோ என்றால் வெளிநாடு போவது அரைக் கிலோ கூட இல்லை. நம் ஊர் நல்ல கறியெல்லாம் கப்பலேறிவிட்டது என்பது இந்தக் கணக்குக்குப் பொருந்தாத பேச்சு.

அந்த எருமை ஏற்றுமதியும் நினைத்தபடி ஓடுகிற தொழிலாக இல்லை. 2014-15இல் 14.75 லட்சம் டன்னைத் தொட்டு உச்சத்தில் இருந்தது. அதன்பின் அந்த அளவை எட்டவில்லை. கோமாரி நோய் இருக்கும் நாடு என்பதால் சீனா நம்மிடம் நேரடியாக வாங்குவதில்லை. வியட்நாம் வழியாக அங்கே போய்க்கொண்டிருந்த சரக்குக்கும் சீனா எல்லையில் கெடுபிடி கூட்டியதும் ஏற்றுமதியாளர்கள் தவித்துப்போனார்கள். 2017இல் உத்தரப் பிரதேசத்தில் இறைச்சிக் கூடங்கள் பல மூடப்பட்டன. பிரேசிலோடு விலையில் போட்டிபோட வேண்டியிருக்கிறது. செங்கடலில் 2023 இறுதியில் தாக்குதல்கள் தொடங்கிய பிறகு கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக நேர்ந்து, உறைந்த சரக்குக்குக் கூடுதல் நாளும் கூடுதல் வாடகையும் ஆயிற்று. கோமாரிக்கு நாடு முழுவதும் இலவசத் தடுப்பூசி போடும் திட்டத்தை மத்திய அரசு 2019 செப்டம்பரில் தொடங்கியது. நம் பட்டிக்காரர்கள் தயவுசெய்து அந்த ஊசியைத் தவறவிடக் கூடாது என்று இந்த இடத்தில் கேட்டுக்கொள்கிறோம். கோமாரி வந்த ஆடு சாகாவிட்டாலும், கால் புண்ணும் வாய்ப் புண்ணுமாக மேய முடியாமல் இளைத்துத்தான் சந்தைக்கு வரும்.

ஏற்றுமதிக்கு உரித்த இறைச்சியை உடனே வண்டியில் ஏற்றிவிட முடியாது. ‘அபேடா’ எனப்படும் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தில் பதிவுபெற்ற ஆலையில்தான் வெட்ட வேண்டும். வெட்டும் முன்னும் பின்னும் கால்நடை மருத்துவர் சோதித்து, ஒவ்வொரு சரக்குக்கும் சான்றிதழ் தர வேண்டும். எருமையாக இருந்தால் உரித்த உடலை ஒரு நாள் முழுக்கக் குளிரில் தொங்கவிடுகிறார்கள். அப்போது சதையில் புளிப்புத்தன்மை ஏறிக் கோமாரிக் கிருமி மடிகிறது. எலும்பிலும் நிணநீர்க் கணுக்களிலும் அந்தப் புளிப்பு ஏறாது என்பதால்தான் அவற்றை முழுவதும் நீக்கச் சொல்கிறார்கள். பிறகு கெட்டியாக உறைய வைத்து, அட்டைப் பெட்டியில் அடுக்கி, பூச்சியத்துக்குக் கீழே 18 டிகிரியில் வைக்கிறார்கள். வளைகுடாவுக்குப் போகும் ஆட்டுக்கறி பெரும்பாலும் உறையாமல், குளிரூட்டிய முழு உடலாக விமானத்தில் போகிறது. நகராட்சி ஆட்டுத் தொட்டியில் உரித்து, சுகாதார முத்திரை வாங்கி, கொக்கியில் தொங்கவிட்டு விற்கும் நம்மைப் போன்ற கடைக்கு இந்த வழிகளில் எதிலும் கால் வைக்க இடமில்லை.

ஆஸ்திரேலியா கறியைக் கலக்கிறோம் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அந்த நாட்டோடு செய்த வணிக ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்ததும், அங்கிருந்து வரும் செம்மறிக் கறிக்கு இருந்த 30 சதவீத வரி நீங்கியது உண்மை. ஆனால் அந்தக் கறி நட்சத்திர ஓட்டல்களுக்குப் போகிறது. வரி போன பிறகும் அதன் விலை நம் பலகை விலையைவிட மிகக் கூடுதல். அதை வாங்கி 960 ரூபாய்க்கு விற்கும் வியாபாரி யாராவது இருந்தால் அவருக்குக் கடை நிலைக்காது.

ஐஸ் கறியைக் கண்டுபிடிப்பதும் எளிது. உறைந்து இளகிய கறியைப் பாத்திரத்தில் போட்டுக் கால் மணி நேரம் வைத்தால் அடியில் செந்நீர் ஊறி நிற்கும். விரலால் அழுத்தினால் குழி மெல்லத்தான் எழும். கழுவும்போது கொழுப்பு உதிரும். காலையில் உரித்த கறியோ கையில் ஒட்டும், கொழுப்பு மெழுகுபோலச் சதையோடு சேர்ந்திருக்கும், தொடைச் சதை சில நேரம் கடையில் தொங்கும்போதே துடிப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஐயம் இருப்பவர்கள் எந்த நாளிலும் எடையிடும் முன் தொட்டுப் பார்த்து வாங்கலாம். முத்திரையைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். காங்கயத்திலும் திருப்பூரிலும் அதற்கு மறுப்பு இருக்காது.

அப்படியானால் விலை ஏன் ஏறுகிறது என்ற கேள்வி நியாயமானது. விடை கப்பலில் இல்லை, நம் கொரங்காட்டில் இருக்கிறது. கிளுவை வேலி கட்டி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்த்து, ஆடு மாடுகளை விட்டு மேய்த்த நிலம் இது. காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரங்களில் அந்த நிலம் மனையாகவும், சோலார் தகடு பதித்த வயலாகவும் மாறிவருகிறது. வேலிக்குள் ஆட்டை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகலாம் என்பதுதான் கொரங்காட்டின் வசதி. இப்போது தெருநாய்கள் கூட்டமாகப் புகுந்து ஒரே இரவில் பட்டியையே கடித்துப்போடுவதால் அந்த வசதியும் போயிற்று. இழப்பீடு கேட்டு விவசாயிகள் செத்த ஆடுகளோடு சாலைக்கு வந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். மேய்த்த வீட்டுப் பிள்ளைகள் பனியன் கம்பெனிக்குப் போகிறார்கள். யார் மேல் குறை சொல்வது?

மூலனூர் பக்கமுள்ள கன்னிவாடி ஆட்டுச் சந்தைக்குக் கேரள வியாபாரிகள் முன்பும் வந்தார்கள், இப்போதும் வருகிறார்கள். வரும் ஆடு குறைந்தால் விலை அவர்கள் கையில் ஏறிவிடுகிறது. பக்ரீத்துக்கு முந்தைய வாரங்களில் சொல்லவே வேண்டாம். இருபது கிலோ உயிர் எடையுள்ள கிடாயை உரித்தால் ஒன்பது, பத்துக் கிலோ கறிதான் நிற்கும். ஆகவே சந்தையில் உயிர் எடைக் கிலோவுக்கு ஐம்பது ரூபாய் ஏறினால், கறியில் அது நூறு ரூபாயாக ஏறும். எங்களுக்கு அப்படித்தான் ஏறியது. அதில் 80 ரூபாயைத்தான் உங்களிடம் கேட்கிறோம்.

தோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தந்தையார் காலத்தில் ஆட்டுக்கறிக் கடையின் லாபமே தோலில்தான் இருந்தது. கறியை வாங்கிய விலைக்கே விற்றாலும் தோல் காசு வீட்டுக்கு மிஞ்சும். மேச்சேரிச் செம்மறியின் தோல் என்றால் ஈரோட்டுத் தோல் வியாபாரிகள் கேட்டு வாங்குவார்கள். அதன் தரம் அப்படி. செயற்கைத் தோலும் துணிச் செருப்பும் வந்த பிறகு அந்த வியாபாரம் படிப்படியாகச் சரிந்தது. இன்று ஒரு தோலுக்குக் கிடைப்பது டீச் செலவுக்குத்தான் காணும். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி விதித்தபோது பின்னலாடைக்கு நேர்ந்தது என்னவென்று திருப்பூர்க்காரர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அதே அடி தோல் பொருள்களுக்கும் விழுந்தது. சில பருவங்களில் தோலை எடுத்துப்போக ஆளே வருவதில்லை. முன்பு தோல் தாங்கிய செலவை இப்போது கறிதான் தாங்குகிறது. இந்த விலை உயர்வில் எங்களுக்கு மிகவும் மனவருத்தம் தருவது இதுதான். வீணாகும் பொருளுக்கும் சேர்த்து உங்களிடம் காசு வாங்க நேர்கிறதே என்ற வருத்தம்.

ஆட்டுக்கறியின் விலையைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் வெளிநாட்டு வியாபாரத்தைக் குறை சொல்வதைவிட, கொரங்காட்டைக் காப்பதும் நாய்க்கடிக்கு இழப்பீட்டைத் தாமதமின்றித் தருவதுமே உதவும் என்பது எங்கள் கருத்து. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் வெள்ளாடு சுமார் 99 லட்சமாகப் பெருகியிருந்தது. செம்மறியோ குறைந்து 45 லட்சத்தில் நின்றது. செம்மறிக்கு மேய்ச்சல் நிலம் வேண்டும். நிலம் குறைந்தால் செம்மறிதான் முதலில் குறையும். அதைச் சந்தையில் ஒவ்வொரு வாரமும் பார்க்கிறோம்.

ஈரல், சுவரொட்டி (மண்ணீரல்), தலை, கால், குடல் ஆகியவற்றின் விலையில் மாற்றமில்லை. பிள்ளை பெற்ற வீட்டுக்கும் நோயாளி இருக்கும் வீட்டுக்கும் நெஞ்செலும்பு கால் கிலோவாகக் கேட்டாலும் முன்போலவே தருவோம். கிடாவெட்டு, காதணி விழா போன்ற விசேஷங்களுக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருப்பவர்களுக்கும் புதிய விலையே பொருந்தும். துண்டு பெரிதாகவும் சிறிதாகவும் இருக்கிறது என்று சிலர் சொன்னார்கள். புதிதாக வந்திருக்கும் இரண்டு தம்பிகளும் கைபழகி வருகிறார்கள், எந்த அளவில் வேண்டும் என்பதை எடையிடும்போதே சொல்லிவிட்டால் அவர்களுக்கு உதவியாக இருக்கும்.

ஊரடங்குக் காலத்தில் வீட்டு வாசலில் முன்கூட்டியே காசு வைத்துக் காத்திருந்தவர்கள் நீங்கள். தோல் வியாபாரம் படுத்தபோதும், சந்தை மூடியபோதும் கடையின் கொக்கியில் கறி தொங்கியது உங்களால். இந்தப் படம் சுற்றிய நாள்களிலும் வழக்கம்போல் வந்து, வரிசையில் நின்று, ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிப்போன குடும்பங்களை எங்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி. குரல் பதிவை அனுப்பியவர் யாரென்று நாங்கள் தேடவில்லை. அவர் எந்த ஞாயிற்றுக்கிழமையும் விடியற்காலை நான்கு மணிக்கு ஆட்டுத் தொட்டிக்கு வந்தால், ஆடு இறங்குவதிலிருந்து வண்டி கிளம்புவது வரை கூட இருந்து பார்க்கலாம். வேறு யாருக்கும் பார்க்க விருப்பமிருந்தாலும் முதல் நாள் மாலை கடையில் சொல்லிவைத்தால் போதும்.

தங்கள் அன்புள்ள,
கடை உரிமையாளரும் குடும்பத்தாரும்
காங்கயம் – திருப்பூர்