புகையை விட்ட அப்பாவும் பிரசவ வீட்டுப் பலகாரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளை பிறந்த கையோடு சிகரெட்டை விடுகிற ஆண்கள் உண்டு. அவர்களில் சிலர் மூன்றாம் மாதம் பேன்ட் இடுப்பில் ஏறவில்லை என்று திரும்பவும் பற்றவைக்கிறார்கள். ‘விட்டுவிடுங்கள்’ என்று எழுதும் மருத்துவப் பக்கங்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தொடுவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

எடை கூடுவது பிரமை அல்ல. புகையிலையில் உள்ள நிகோட்டின் பசியை அமுக்கும்; உடம்பு எரிக்கும் கலோரியையும் ஏற்றி வைத்திருக்கும். நாளுக்கு ஒரு பாக்கெட்டுக்கு மேல் ஊதுபவருக்கு இது சுமார் 200 கலோரி. விட்டதும் அது நின்றுபோகிறது. நாக்கில் ருசி வேறு திரும்பி, மறுசோறு கேட்கிறது. முதல் வருடத்தில் சராசரியாக 4 முதல் 5 கிலோ ஏறும், அதில் பெரும்பகுதி முதல் 3 மாதத்தில். எல்லோருக்கும் அப்படி அல்ல. சிலர் இளைக்கவும் செய்கிறார்கள்.

நம் வீடுகளில் அந்த 3 மாதமும் பிரசவ வீட்டு 3 மாதமும் ஒன்றாக வந்து விழுகின்றன. பிள்ளை பார்க்க வருபவர் கையிலெல்லாம் ஸ்வீட் பாக்ஸ், பிஸ்கட், ஹார்லிக்ஸ். தாய்க்குக் கிளறிய லேகியத்தில் ஒரு பங்கு தகப்பன் வயிற்றுக்குப் போகிறது. தூக்கமும் கிடையாது, தூக்கம் கெட்டால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடி, ‘போதும்’ என்று சொல்லும் ஹார்மோன் குறையும். இரவு 2 மணிக்குப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுப்படிக்குள் போகிறவர் கை முறுக்கு டப்பாவைத்தான் தேடும். டப்பாவைப் பரணில் ஏற்றிவிட்டு, ஒரு சொம்பு நீர்மோரும் நறுக்கிய வெள்ளரிக்காயும் எடுத்து வையுங்கள். வறுத்த நிலக்கடலை நல்லதுதான், ஒரு கைப்பிடியோடு நின்றால். 50 கிராம் பொட்டலத்தைக் காலி செய்தால் 280 கலோரி.

அடுத்து டீக்கடை. சிகரெட் போன கைக்கு வடையோ பட்டர் பிஸ்கட்டோ வந்து சேரும். நாளுக்கு 4 டீ, டீக்கு 2 ஸ்பூன் என்றால் சர்க்கரை மட்டுமே 40 கிராம், 160 கலோரி. ‘சர்க்கரை கம்மி’ என்று சொல்லாமல் ‘சர்க்கரை வேண்டாம்’ என்றே சொல்லுங்கள். மாஸ்டருடைய கம்மிக்கு அளவு கிடையாது. பலருக்குத் தெரியாத இன்னொன்று: காபி, டீயில் உள்ள காஃபீனைக் கல்லீரல் வெளியேற்றும் வேகத்தைப் புகை கூட்டி வைத்திருக்கும். விட்ட சில நாளில் அந்த வேகம் குறைந்து, வழக்கமான அதே காபிக்கே ரத்தத்தில் காஃபீன் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். படபடப்பு, கை நடுக்கம், கிடைக்கிற ஒரு மணி நேரத்திலும் தூக்கம் பிடிக்காமை. சிகரெட் இல்லாததால்தான் இப்படி என்று நினைத்துப் பற்றவைத்துவிடுவார்கள். காபி, டீயைப் பாதியாக்கினால் இது தணியும்.

பட்டினி கிடந்து எடையைப் பிடிக்கப் பார்ப்பது மோசமான யோசனை. வயிறு காய்ந்தால் புகை ஏக்கமும் கூடும். பசி எது, ஏக்கம் எது என்று முதல் மாதம் பிரித்தறிவது கடினம். மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு, சோற்றில் ஒரு கரண்டி குறைத்து அந்த இடத்தில் கீரை, பொரியல் வைத்தால் போதும். விட்ட புதிதில் மலச்சிக்கல் வருவதுண்டு. அந்த உப்புசத்தையே தொப்பை என்று பயப்படுபவர்கள் உண்டு. சாப்பிட்டதும் வருகிற ஏக்கம்தான் பிடிவாதமானது. அதுவும் 5 நிமிடத்தில் அடங்கும். தட்டை வைத்ததும் பல் துலக்கிவிடுங்கள். 45 நிமிட வேக நடை அந்த 200 கலோரியை ஏறக்குறைய ஈடுகட்டும். கைக்குழந்தை வீட்டில் அவ்வளவு நேரம் ஏது? 15 நிமிடமாக மூன்று தடவை நடந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

சிகரெட்டுக்குப் பதிலாகக் கொஞ்சமாக நிகோட்டின் தந்து ஏக்கத்தைத் தணிக்கும் நிகோட்டின் சூயிங்கம், எடை ஏறுவதையும் தள்ளிப்போடும். எழுந்த 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட் தேவைப்படுபவருக்கு 4 மி.கி., மருத்துவரைக் கேட்டு. மற்றவருக்கு 2 மி.கி. பபிள்கம் போல விடாமல் மென்றால் நிகோட்டின் வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும், ‘எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று தூக்கிப் போடுவார்கள். மெதுவாக மெல்ல வேண்டும். காரம் தெரிந்ததும் நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். ஒன்று 30 நிமிடம் வரும். டீ, காபி, ஜூஸ் குடித்து 15 நிமிடம் கழித்தே போடவேண்டும், இல்லாவிட்டால் வாயில் நிகோட்டின் சரியாக ஊறாது. முதல் 6 வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. பிறகு இடைவெளியைக் கூட்டி 12 வாரத்தில் நிறுத்தலாம். மென்ற சக்கையிலும் நிகோட்டின் மிச்சமிருக்கும், பிள்ளை வாயில் போட்டால் அது விஷம். காகிதத்தில் மடித்து, மூடியுள்ள கூடையில் போடுங்கள். புகைத்த தாயாக இருந்தால், நிகோட்டின் தாய்ப்பாலிலும் இறங்கும் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடக்கூடாது.

தேசிய புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356, கட்டணம் இல்லை. மகப்பேறு வார்டிலிருந்து அனுப்பும்போது தாய்க்குப் பத்தியம் சொல்கிறார்கள், பிள்ளைக்குத் தடுப்பூசித் தேதி குறித்துத் தருகிறார்கள். பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்கிற தகப்பனிடம் ‘புகைப்பீர்களா’ என்று கேட்டு, இந்த எண்ணையும் அந்தச் சீட்டிலேயே எழுதித்தர சுகாதாரத் துறை உத்தரவிடலாம்.

இப்படிக்கு,
புகையிலை நிறுத்த ஆலோசகர்கள் சிலர்,
மதுரை.