புது பூட்ஸோடு ஃபீல்டுக்குக் கிளம்புகிறவனுக்கு

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். பதில் போடாததற்குத் திட்ட நினைத்தால் நேரில் திட்டு. நெட்டையன் சொன்ன சேதிதான் உடனே எழுத வைத்தது. புது பூட்ஸை மாட்டிக்கொண்டு நேராக ஃபீல்டுக்கே கிளம்பப்போகிறாயாமே? "தோல்தானே, போகப்போகச் சரியாகிவிடும்" என்றாயாம். எல்லாவற்றிலும் உனக்கு அவசரம்தான்!

தோல் அகலத்தில் கொஞ்சம் இளகும். நீளத்தில் துளியும் இளகாது. சுண்டுவிரல் பக்கம் லேசாகப் பிடித்தால் அது இளகக்கூடும். பெருவிரல் முன்னால் இடித்தால் பேச்சே வேண்டாம், திருப்பிக் கொடு. சமதளத்தில் நடந்தால் இது தெரியாது. சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும்போது, ஃபீல்டுக்குப் போடும் தடித்த சாக்ஸோடு மாட்டி மாடிப்படியில் இறங்கிப் பார்.

அப்புறம் மடிப்பு. குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நில். உன் விரல்கள் மடங்கும் இடத்திலேயே பூட்ஸும் மடங்க வேண்டும். தள்ளி மடங்கினால் அந்த மடிப்பு விரல் மேல் அழுத்திக்கொண்டே இருக்கும், எத்தனை மாதம் போட்டாலும் சரியாகாது. மடிப்பையும் உற்றுப் பார். நல்ல ஃபுல் கிரெய்ன் தோலில், அதாவது மேல்பரப்பைத் தேய்த்து எடுக்காத தோலில், மெல்லிய வரிகளாக விழும். மேலே கனமாகப் பூச்சு கொடுத்த தோலில் முரட்டு மடிப்பு விழும், பிறகு அங்கேதான் வெடிக்கும். குதிகால் லேசாக எழும்புவது மட்டும் புதிதில் சகஜம். அடிப்பாகத்தின் விறைப்பு குறைந்ததும் அடங்கிவிடும்.

நனைத்து அடுப்போரம் காயவைக்கும் நெட்டையன் வைத்தியம் வேண்டவே வேண்டாம். சூட்டில் தோல் வறண்டு வெடிக்கும், ஒட்டுப் பசையும் விட்டுவிடும். நனைந்தால் பாதத்துக்கு அடியில் கிடக்கும் இன்சோலை உருவிவிட்டு, உள்ளே காகிதம் திணித்து நிழலில் வை. எண்ணெயும் அளவாகத்தான்.

இவ்வளவு சொல்வது ஏன் தெரியுமா? உனக்குச் சர்க்கரை இருக்கிறதடா. வலித்தால் கழற்றிவிடலாம் என்பது மற்றவர்களுக்குச் சரி. உன் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் உடைந்தாலும் தெரியாது, புண்ணானால் ஆறவும் நாளாகும். அதனால் வலியை நம்பாதே, கண்ணை நம்பு. முதலில் வீட்டுக்குள்ளேயே அரைமணி நேரம் போடு. கழற்றி, சாக்ஸையும் உருவி, குதிகால், விரலிடுக்கு, பாதத்தின் அடி எல்லாம் பார். சிவப்பு மறையாமல் நின்றால் அந்த பூட்ஸ் வேண்டாம். ஒன்றுமில்லை என்றால் நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டு.

நெட்டையனிடம் பேசிவிட்டேன், கிளம்பும் தேதியை இரண்டு வாரம் தள்ளிவைக்கச் சம்மதித்துவிட்டான். கோபித்துக்கொள்ளாதே. முதல் நாள் போட்டுப் பார்த்ததும் எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி