ஜடை பின்னி விட்ட என் ஓர்ப்படியாவுக்கும், கூட நின்ன எல்லாருக்கும் நன்றி

முந்தாநாள் ராத்திரி ஏழரை மணிக்கு என் வீட்டுக்காரரு ஜெயில்ல இருந்து ஜாமீன்ல வீட்டுக்கு வந்துட்டாரு. நேத்து ஃபுல்லா தூங்குனாரு, நானும் தூங்குனேன். இன்னிக்கு தான் போன கைல எடுத்து உக்காந்திருக்கேன், நடுவுல அழுக வந்தா நிறுத்திட்டு திரும்ப எழுதுறேன், தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க.

என்ன நடந்துச்சுன்னு நான் சொல்ல வேணாம், பழைய வண்ணாரப்பேட்டைல எங்க தெருவுல தெரியாதவங்க யாரு. தண்ணி மோட்டர் போடுற சண்டை. அண்ணன் தம்பி சண்டை. அவரு மேல தப்பு இல்லன்னு நான் எங்கயும் சொல்லல, இப்பவும் சொல்லல, கைல ஸ்பேனரோட சண்டைக்கு போனது தப்பு தான், தம்பி கைல ரெண்டு தையல் போட்டது உண்மை தான். அதுக்கு என்ன தண்டனையோ அத குடுங்க. ஆனா எஃப்ஐஆர்ல எழுதியிருந்தத வக்கீல் படிச்சு காட்டும்போது வேற யாரோ ஒரு ஆள பத்தி படிக்கிற மாதிரி இருந்துச்சு. "கொலை செய்யும் நோக்கத்தோடு கழுத்தை நோக்கி வீச, கையால் தடுத்தபோது" ன்னு இருக்கு. கழுத்து எங்க இருந்து வந்துச்சுன்னு என் கொழுந்தனாருக்கே தெரியல. கோவத்துல புகார் குடுக்க போனவருக்கு, ஸ்டேஷன் வாசல்ல ஒருத்தரு நல்லா ஸ்ட்ராங்கா எழுதுனா தான் எடுப்பாங்கன்னு சொல்லி எழுதி குடுத்திருக்காரு, இவரும் படிக்காம கையெழுத்து போட்டிருக்காரு. "உன்னை கொல்லாம விடமாட்டேன்டா" ன்னு சொன்னதா ஒரு வரி வேற. அத சொன்னாரு, நானே கேட்டேன். ஆனா அந்த வார்த்தைய எங்க மாமியார் தெனமும் காலைல பசங்கள பாத்து சொல்லும், நம்ம பக்கம் எந்த வீட்டுல சொல்லல.

எஃப்ஐஆர்ல போட்ட அந்த ஒரு பிரிவு நம்பர் தான் எல்லாத்தையும் மாத்திடுச்சு. அடிச்சதுக்கு மட்டும்னா பிஎன்எஸ் (ஐபிசிக்கு பதிலா வந்த புது சட்டம்) 115(2), அதிகபட்சம் ஒரு வருஷம் இல்லன்னா 10,000 ரூபா வரைக்கும் ஃபைன், ஜாமீன் உண்டு, ரெண்டு பேரும் மனசு மாறுனா ராஜியாவும் போயிடலாம். அவரு மேல போட்டது 109, கொலை முயற்சி, பழைய ஐபிசில 307. அதுக்கு பத்து வருஷம், காயம் பட்டிருந்தா ஆயுள் வரைக்கும் போகலாமாம். ஸ்டேஷன் ஜாமீன் கெடையாது. நேரா ரிமாண்ட், நேரா புழல் ஜெயில். கீழ் கோர்ட்டுல ஜாமீன் மனு தள்ளுபடி, அப்புறம் செஷன்ஸ் கோர்ட். பதினாறு நாள்.

அந்த பதினாறு நாள்ல எனக்கு யாரு யாரு என்ன செஞ்சாங்கன்னு சொல்ல தான் இது. அதுல ஒருத்திய பத்தி மொதல்ல சொல்லிடுறேன். அவகிட்ட கேட்டுட்டு தான் எழுதுறேன். "எழுதுக்கா, பேரு மட்டும் போடாத" ன்னா.

எங்க பொண்ணு மூணாவது படிக்குது. அவங்க ஸ்கூல்ல ரெட்டை ஜடை போட்டு ரிப்பன் கட்டி தான் போகணும். நான் காலைல ஆறு மணிக்கே கெளம்பிடுவேன், ஜெயில்ல மனு போட்டு அவர பாக்கற நாள்னா மூலக்கடை, மாதவரம் ரவுண்டானா தாண்டி புழல், இல்லன்னா பாரிஸ் கார்னர்ல கோர்ட், இல்லன்னா வக்கீல் வீடு, ஜெராக்ஸ் கடை. கெளம்பும்போது பொண்ணு தூங்கினு இருக்கும். மாமியாருக்கு கை நடுங்கும், சோறு போட்டு ஊட்டி விடும், ஜடை பின்ன வராது. மொத ரெண்டு நாள் நான் அத பத்தி யோசிக்கவே இல்ல, எனக்கு அப்போ எதுவுமே மண்டைல ஏறல. பொண்ணு ஸ்கூல் போகுது வருதுன்னு மட்டும் தெரியும்.

மூணாவது நாள் ராத்திரி. சொந்தக்காரங்க நாலு பேரு வீட்டுல உக்காந்துனு நீயும் ஒரு கேஸ் குடுன்னாங்க. கவுன்டர் கேஸ். கொழுந்தனார் என் சேலைய புடிச்சு இழுத்தாருன்னு குடுத்தா அவரும் உள்ள போவாரு, அப்புறம் தானா வழிக்கு வருவாங்கன்னாங்க. பேப்பர்ல எழுதியே எடுத்துனு வந்துட்டாங்க. என் கையெழுத்து மட்டும் தான் பாக்கி. காலைல ஸ்டேஷன் போறதா பேச்சு. நான் சரின்னு சொல்லிட்டேன். பொய்ன்னு தெரிஞ்சே தான் சரின்னேன், அத மறைக்க விரும்பல.

அவங்க போனதுக்கு அப்புறம் பொண்ணு தலைய அவுத்து விடலாம்னு ரிப்பன பிரிச்சேன். ரிப்பனுக்கு அடியில வெள்ள நூல்ல ஒரு முடிச்சு. சாதா முடிச்சு இல்ல, பூ கட்டுற முடிச்சு. ரிப்பன் நழுவாம இருக்க ஜடை நுனியில மொதல்ல நூல்ல ரெண்டு சுத்து சுத்தி இறுக்கி, அதுக்கு மேல ரிப்பன் கட்டியிருக்கு. எங்க வீட்டுல பூ கட்டுறது ஒரே ஒரு ஆளு. கீழ் போர்ஷன்ல இருக்குற என் ஓர்ப்படியா. தெனமும் சாயங்காலம் கட்டி மார்க்கெட் பக்கம் குடுத்தனுப்புவா.

பொண்ணுகிட்ட கேட்டேன். "சித்தி தான் பின்னி விட்டுச்சு, உன்கிட்ட சொல்ல வேணாம்னுச்சு" ன்னுச்சு.

நைட் ட்யூட்டி முடிச்சு வந்து அவ புருஷன் கீழ தூங்கும்போது, மேல மாடிப்படி வரைக்கும் வந்து, படியில உக்காந்து, எண்ணெ வெச்சு, சிக்கெடுத்து, பின்னி, அவளோட நூல வெச்சு கட்டி அனுப்பியிருக்கா. மாமியாருக்கும் தெரியும், அவங்களும் வாய தொறக்கல. எங்க வீட்டுக்காரரு அடிச்சது அவ புருஷன. கட்டு போட்ட கையோட அவரு கீழ படுத்துனு இருக்காரு. அவ நெனச்சிருந்தா என் மூஞ்சில கூட முழிக்க வேணாம். என் பொண்ணு தல கலைஞ்சு போயி டீச்சர் நாலு பேரு முன்னாடி "உங்கம்மா எங்க" ன்னு கேட்டுட கூடாதுன்னு நெனச்சிருக்கா, அவ்ளோ தான். பின்னாடி கேட்டப்போ அத தான் சொன்னா.

அந்த பேப்பர அன்னிக்கு ராத்திரியே அடுப்புல வெச்சேன். சொந்தக்காரங்க கோவிச்சுக்கிட்டாங்க, இன்னமும் ரெண்டு பேரு பேசல. பேச வேணாம். அந்த கையெழுத்த போட்டிருந்தா இவளோட புருஷனும் புழல்ல இருந்திருப்பாரு, இவ பொண்ணுக்கு ஜடை பின்ன ஆள் இருந்திருக்காது, அதுக்கு அப்புறம் இந்த ரெண்டு போர்ஷனும் ஒரு வீடா இருந்திருக்கவே முடியாது. இன்னொன்னு, நெஜமாவே கைய புடிச்சு இழுக்கப்பட்ட ஒரு பொண்ணு நாளைக்கு ஸ்டேஷன்ல போயி நிக்கும்போது "எல்லாம் இப்படி தான் எழுதினு வருவீங்க" ன்னு கேப்பாங்களே, அதுக்கு நானும் ஒரு காரணமா ஆகியிருப்பேன். அத நெனச்சா இப்பவும் நெஞ்சு அடிக்குது.

மத்தவங்களுக்கு வரேன். வக்கீலுக்கு குடுக்க காசு இல்லாம நின்னப்போ, உள்ள இருக்குறவங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, வருமானம் எவ்ளோன்னு எல்லாம் பாக்க மாட்டாங்க, சட்ட உதவி நம்பர் 15100க்கு போன் போடுன்னு சொன்னது மீன் மார்க்கெட்டுல வேல பாக்குற ஒரு அக்கா, அவங்க பையனுக்கு ஒருக்கா ஆனதால தெரிஞ்சு வெச்சிருந்தாங்க. அப்படி வந்த வக்கீல் அம்மா ஒரு ரூபா வாங்கல, காயம் சாதாரண காயம், அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, இது அண்ணன் தம்பி குழாயடி தகராறுன்னு நின்னு பேசுனாங்க. ஜாமீன் கையெழுத்துக்கு வீட்டு வரி ரசீதும் ஆதாரும் எடுத்துனு ரெண்டு நாள் வேலய விட்டுட்டு வந்த ரெண்டு அண்ணனுங்க, காசு வாங்காம புழல் வரைக்கும் வந்து வெயில்ல காத்துனு இருந்த ஆட்டோ அண்ணா, கணக்கு வெச்சுக்காம இட்லி குடுத்த ஆயா, அவரோட வேலய வேற யாருக்கும் குடுக்காம வெச்சிருந்த வெல்டிங் பட்டறை மொதலாளி, எல்லாருக்கும் என் நன்றி. யாரையாவது விட்டிருந்தா மறந்துட்டேன்னு நெனச்சுக்காதீங்க.

கேஸ் இன்னும் முடியல. என் கொழுந்தனாரே போன வாரம் மேல வந்து "நான் வாபஸ் வாங்குறேன் அண்ணி" ன்னாரு. வாங்க முடியாதாம். 109 ராஜி ஆகுற பிரிவு இல்ல, ஹைகோர்ட்டுல போயி பிஎன்எஸ்எஸ்னு இன்னொரு புது சட்டத்துல இருக்குற 528வது பிரிவுல மனு போட்டு கேஸ ரத்து பண்ண கேக்கணும். பழைய சட்டத்துல 307னு எழுதியிருக்குங்கறத மட்டும் வெச்சு முடிவு பண்ண கூடாது, காயம் எங்க, எப்படி, எத வெச்சு அடிச்சாங்கன்னு பாக்கணும்னு 2014லயே சுப்ரீம் கோர்ட்டு நரிந்தர் சிங் கேஸ்ல சொல்லியிருக்காம், வக்கீல் அம்மா அத நம்பி தான் தைரியம் சொல்றாங்க. அண்ணனும் தம்பியும் மறுபடி பேசிக்கிட்டாலும் அந்த பேப்பர் பேசிக்காது போல, அது தனியா ஓடினு இருக்கு. ஓடட்டும். ரெண்டு பேரையும் ஒண்ணா இட்டுனு போயி நிக்க வெக்கிறேன், அது என் பொறுப்பு. இனிமே யாரு சொன்னாலும் நடக்காதத ஒரு வரி கூட எழுதி கையெழுத்து போட மாட்டேன், யாராவது போட போறாங்கன்னு தெரிஞ்சா போயி தடுப்பேன்.

இன்னிக்கு காலைல நான் வீட்டுல தான் இருந்தேன். சீப்பு எடுத்துனு உக்காந்து கூப்டேன். பொண்ணு வந்து என் கைல இருந்து சீப்ப வாங்கினு, "சித்தி தாம்மா டைட்டா போடும்" ன்னு சொல்லிட்டு கீழ எறங்கி போயிடுச்சு. கீழ கதவு தொறந்து தான் இருந்துச்சு.

பத்தரைக்கு அவரு ஸ்டேஷன்ல கையெழுத்து போட போகணும். சோறு வடிக்கணும், வெக்கிறேன்.