டுஃபியின் நீலத்தை நகலெடுக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

பிரெஞ்சு ஓவியர் ரவுல் டுஃபியின் படகுப் போட்டி நீர்வண்ணத்தைப் பார்த்து நீ வரைந்த நகல் வந்தது. பாய், கொடிமரம், அலை எல்லாம் அளவு பிசகாமல் இருக்கின்றன. காற்றுதான் இல்லை. முதலில் பென்சிலில் எல்லை கட்டி, அதற்குள் நீலத்தை நிரப்பியிருக்கிறாய். டுஃபியின் நீலம் படகுக்குள்ளும் பாதி இருக்கும், வெளியிலும் பாதி இருக்கும்.

1912இலிருந்து பல ஆண்டுகள் லியோனின் பியாங்கினி-ஃபெரியே பட்டு நிறுவனத்துக்குத் துணி வடிவங்கள் போட்டவர் அவர். கட்டை அச்சில் வண்ணத்துக்கு ஒரு கட்டை, கோட்டுக்கு ஒரு கட்டை. ஒன்று நூலளவு நகர்ந்தாலும் சிவப்பு, பூவின் இதழ்க் கோட்டைத் தாண்டிவிடும். அச்சுக்காரர் அந்தத் துணியைக் கழித்துவிடுவார். டுஃபி அந்த நகர்வையே தாளில் தன் வழியாக்கிக்கொண்டார் என்பது என் கணிப்பு.

பயிற்சிக்கு 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) பருத்தித் தாள் வாங்கு. மலிவான மரக்கூழ்த் தாளில் வண்ணம் மேலாகவே நிற்கும். இரண்டாவது பிரஷ் பட்டதும் கீழே உள்ளது கிளம்பி வந்துவிடும். அவருடைய நீர்வண்ணங்கள் பலவும் ஏறக்குறைய 50×65 செ.மீ. தாளில் இருப்பவை. நீ அதில் பாதித் தாள் எடுத்தால் போதும். அதற்கும் சிறிதானால் கை மணிக்கட்டிலேயே முடங்கிவிடும்.

தாளை வைத்த பலகை சற்றுச் சாய்ந்திருக்க, அதன் மேல்விளிம்புக்கு அடியில் ஒரு புத்தகம் வை. அல்ட்ராமரீன் என்ற ஆழ்நீலத்தைக் கிண்ணத்தில் தாராளமாகக் கரைத்துக்கொள். பாதி வழியில் தீர்ந்து, மறுபடி கலந்தால் அதே நீலம் கிடைக்காது. காய்ந்தால் வெளிறும், ஆகவே கண்ணுக்குச் சற்று அதிகமாகத் தெரியும்படி கலக்க வேண்டும். 16ஆம் எண் வட்டப் பிரஷால் கடலையும் வானத்தையும் மூன்று நான்கு பட்டைகளாக இழு. பாய்களுக்குத் தாளின் வெள்ளையையே விட்டுவிடு. வெள்ளைச் சாயம் பூசினால் அந்த இடம் மட்டும் சுண்ணாம்பு அடித்ததுபோல் மங்கிவிடும்.

உன் படத்தின் வலது மூலையில் காலிஃபிளவர் போல ஒரு கறை பூத்திருக்கிறதே, அது பாதி காய்ந்த இடத்தில் அதிகத் தண்ணீருள்ள பிரஷை வைத்ததால் வந்தது. புதுத் தண்ணீர் நிறமியை ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறது. அடிவிளிம்பில் வண்ணம் தேங்கினால் பிழிந்த பிரஷால் உடனே உறிஞ்சிவிட்டுக் கையை எடுத்துவிடு. திருத்தப் போகாதே.

பிறகு காத்திரு. புறங்கையைத் தாளில் வைத்தால் குளிர்ச்சி தெரியக்கூடாது. தெரிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, கோடு மயிர்விட்டுப் பரவும். நன்றாகக் காய்ந்த பின் 3ஆம் எண் பிரஷில் அடர்நீலம் தொட்டு, தோளிலிருந்து கையை வீசிப் படகை வரை. மெதுவாக வரைந்தால் கோடு நடுங்கும். நீலப் பட்டை எங்கே முடிகிறது என்று பார்க்காதே, படகை மட்டும் பார். பென்சில் கோட்டின் மேல் வண்ணம் காய்ந்துவிட்டால் அது அழியாது; அதனால் முதல் ஐந்து தாள்களுக்குப் பென்சிலையே மேசையில் வைக்காதே.

ஐந்தையும் அனுப்பு, கெட்டுப்போனவற்றையும் சேர்த்து.

அன்புடன்,
அண்ணன்