யானை ஏன் தெருவுக்கு வந்தது? பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

இளங்கலைத் தமிழ்ப் பாடத்திட்டத்தை வகுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கு, வணக்கம்.

நான் ஒரு கௌரவ விரிவுரையாளர். ஆண்டுதோறும் தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ நடத்துகிறேன், விடைத்தாளும் திருத்துகிறேன். “ஞானாம்பாளின் பாத்திரப் படைப்பை விளக்குக” என்ற வினாவுக்கு வரும் விடை எனக்கே மனப்பாடம். பெண்கள் அடுப்பங்கரையில் அடைந்து கிடந்த காலத்தில், அவர்கள் கனவிலும் நினைக்காததை மாயூரம் வேதநாயகம் பிள்ளை நினைத்தாராம். ஞானாம்பாள்தான் தமிழின் முதல் புதுமைப்பெண்ணாம். நோட்ஸில் அப்படித்தான் இருக்கிறது. நானும் மதிப்பெண் போட்டுவிடுகிறேன், மனம் ஒப்பாமல்.

சென்ற பருவத்தில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “மேடம், அவங்க எதுக்கு ஆம்பளை வேஷம் போடணும்? செத்துப்போன ராஜாவுக்குத்தான் ஒரு பொண்ணு இருக்கே, அவளை உட்கார வெச்சிருக்கலாமே?”

நல்ல கேள்வி. காணாமல் போன கணவனைத் தேடி ஆண் உடையில் கிளம்பும் ஞானாம்பாளின் கழுத்தில் அரசன் இறந்துபோன விக்கிரமபுரியில் அடுத்த அரசனைத் தேர்ந்தெடுக்க அனுப்பிய யானை மாலை போடுகிறது. அவள் அரசனாகிறாள், நன்றாகவும் ஆள்கிறாள். ஆனால் இறந்த அரசனின் மகள் ஆனந்தவல்லி அரண்மனைக்குள் இருக்கும்போதுதான் அந்த யானை தெருவுக்கு வருகிறது. கடைசியில் முடியை அவளிடமே ஒப்படைத்துவிட்டு ஞானாம்பாள் வீடு திரும்புகிறாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வரலாறு இந்தக் கற்பனையைவிடத் துணிச்சலானது. நாவல் அச்சேறியது 1879இல். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைய, 1689 முதல் ராணி மங்கம்மாள் கைக்குழந்தையான பேரனின் பேரில் மதுரையை ஆண்டிருக்கிறார். வேலு நாச்சியார் 1780இல் சிவகங்கையை மீட்டு அரியணை ஏறியிருக்கிறார். இருவரும் மீசை ஒட்டிக்கொள்ளவில்லை. வேதநாயகம் பிள்ளையின் மாயூரத்துக்கு, அதாவது மயிலாடுதுறைக்கு, மதுரையும் சிவகங்கையும் கடல் கடந்த ஊர்களும் அல்ல. அரச குடும்பத்துக் கைம்பெண்களுக்குக் கிடைத்த வாய்ப்பு எல்லோருக்கும் கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைக்கவில்லைதான். ஆனால் ஞானாம்பாளும் கூலிக்காரி இல்லையே.

வேதநாயகம் பிள்ளையைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. முன்சீபாக இருந்த அவர், பெண்கல்விக்காக 1869இலேயே ‘பெண்மதி மாலை’ எழுதியவர். ஞானாம்பாளைப் பிரதாபனோடு சேர்த்துப் படிக்கவும் வைத்தார். என் உறுத்தல் வேறு. அவள் எதையும் தனக்கென்று கேட்பதே இல்லை. மாலை தானாக விழுகிறது, விழுந்ததால் ஆள்கிறாள். ஆசைப்பட்டாள் என்ற பழி அவள் மேல் வரக்கூடாது என்று ஆசிரியர் பார்த்துப் பார்த்து எழுதியது போல் இருக்கிறது.

நிஜத்தில் பெண்கள் கேட்டார்கள். நாவல் வெளிவருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1875இல், சென்னை மருத்துவக் கல்லூரியில் ஆங்கிலேயரான மேரி ஷார்லீப் உட்பட நான்கு பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் நம்மூர்ப் பெண்கள் இல்லை, சரி. நம்மூர்ப் பெண்ணுக்கு அதிக நாள் ஆகவில்லை. நாவலுக்கு ஏழு ஆண்டுகள் கழித்துப் பிறந்த முத்துலட்சுமி, புதுக்கோட்டையில் ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டார். ஊரில் எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதித்தார். 1912இல் முத்துலட்சுமி டாக்டர். 1914இல் சுந்தர ரெட்டியை மணக்கச் சம்மதிக்கும்போதும், தன்னைச் சமமாக நடத்த வேண்டும் என்று நிபந்தனை போட்டார். நாவலாசிரியர் யாராவது அப்போது இப்படி எழுதியிருந்தால் ‘நம்பும்படியாக இல்லை’ என்று விமர்சனம் வந்திருக்கும்.

ஐந்து வயதுக் குழந்தையாகக் கல்யாணம் செய்து வைக்கப்பட்ட வை. மு. கோதைநாயகி, எழுதப் பழகாததால் தன் முதல் நாடகத்தைத் தோழியிடம் சொல்லி எழுதவைத்தார். 1925இல் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையையே வாங்கி நடத்தினார். பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு விதவையான ஏ. லலிதா, கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படித்து 1943இல் பட்டம் பெற்றார். சான்றிதழில் ‘அவன்’ என்பதற்கான ஆங்கிலச் சொல்தான் அச்சாகியிருந்தது. அதை அடித்து ‘அவள்’ என்று கையால் திருத்திக் கொடுத்தார்களாம். விக்கிரமபுரியில் ஞானாம்பாள் தன்னை மாற்றிக்கொண்டாள். கிண்டியில் காகிதத்தை மாற்றினார்கள்.

நாவலை எடுத்துவிடுங்கள் என்று கேட்கவில்லை. அதே அலகில் முத்துலட்சுமி ரெட்டியின் தன்வரலாற்றிலிருந்து சில பக்கங்களும், ‘ஜகன்மோகினி’யில் கோதைநாயகி எழுதியவற்றில் ஒன்றிரண்டும் சேருங்கள். இடம் போதாதென்றால் நாவல் தோன்றிய வரலாறு பற்றிய பகுதியைக் குறைக்கலாம். அதை மூன்று தாள்களில் மூன்று முறை படிக்கிறார்கள்.

அப்படியே அந்த வினாவையும் மாற்றிவிடுங்கள்: “ஆனந்தவல்லி அரண்மனையில் இருக்க, யானை ஏன் தெருவுக்கு வந்தது?” பதினைந்து மதிப்பெண் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
விடைத்தாள் திருத்தும் ஒருத்தி