உங்கள் மேடையில் அரை மணி நேரம்

யாழ்ப்பாணத்துக் கோயில்களின் திருவிழா உபயகாரர்கள், ஆலய பரிபாலன சபையினர், விளையாட்டுக் கழகங்களையும் சனசமூக நிலையங்களையும் நடத்துபவர்கள், கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் இருந்து ஊர் நிகழ்ச்சிக்குக் காசு அனுப்பும் உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் செலவில் மேடை ஏறும் இசைக்குழுவுக்கு, அந்த இரவில் அரை மணி நேரம், தாங்களே எழுதி மெட்டமைத்த பாட்டுகளைப் பாட இடம் கொடுங்கள். மிச்ச நேரம் முழுக்கச் சினிமாப் பாட்டே போகட்டும். எனக்கு அதில் மனக்குறை கிடையாது. இளையராஜா பாட்டுக்கு என்னைவிடச் சத்தமாகக் கைதட்டுகிறவரை நான் இன்னும் காணவில்லை.

எனக்குப் பாட வராது, ஒரு வாத்தியமும் தெரியாது. பகலில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். பின்னேரங்களும் சனி ஞாயிறும் இந்தப் பெடியளோடும் பெட்டையளோடும் கழியும். வயர் சுற்றுவேன். மிக்ஸருக்குப் பக்கத்தில் நின்று “குரல் கேக்கேல்லை, கூட்டுங்கோ” என்று சவுண்ட்கார அண்ணைக்குக் கை காட்டுவேன். நிகழ்ச்சி முடிந்தால் காசை எண்ணிப் பிரித்துக் கொடுப்பதும் என் பொறுப்பு. நள்ளிரவில் வட்ஸ்அப்பில் புதுப்பாட்டின் குரல்பதிவு வந்தால் எழும்பிக் கேட்டு, “இரண்டாவது சரணம் நீளுது” என்று பதில் போட்டுவிட்டுத்தான் படுப்பேன். கோயில் சபையில் இருக்கும் என் மாமா “உனக்கென்ன வேலை உதுகளோட” என்று கேட்பார். இந்த மடலில் பாதி அவருக்கான பதில்தான்.

மாமா, அந்தப் பிள்ளைகள் என்ன பாடுகிறார்கள் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. கொக்குவில் பக்கம் ஒரு வீட்டுப் பின்னறையில், ஜன்னலுக்குப் பழைய மெத்தையைச் சாத்திவைத்துப் பழகுகிற ஒரு குழு இருக்கிறது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த காலத்தைப் பற்றி அவர்களிடம் ஒரு பாட்டு உண்டு. வீட்டு முற்றத்தில் கிணறு இருக்க, பவுசர் தண்ணீருக்கு வாளியோடு ஒழுங்கையில் நின்ற ஒரு கிழவியின் குரலில் அது போகும். பல்லவியில் ட்றம்ஸ் கிடையாது. கப்பி உருளும் சத்தம் மட்டும் தாளமாக வரும். இன்னொரு குழுவில் பேஸ் கிற்றார் வாசிக்கிறவனின் தகப்பன் குருநகரில் தொழிலுக்குப் போகிறவர். இந்திய இழுவைப் படகு வலையை அறுத்துக்கொண்டு போன இரவில் அவர் வீட்டுக்கு வந்து ஒரு சொல்லும் பேசாமல் சோறு தின்றதை அவன் பாட்டாக எழுதியிருக்கிறான். கோபமான பாட்டு என்று நினைத்துத்தான் கேட்கத் தொடங்கினேன். கடைசியில் அது தகப்பனின் கையைப் பற்றிய பாட்டு. வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்பும் தாய், மிளகாய்த்தூளை நிறுத்து, பருத்தித்துறை வடையை எண்ணி, எடை கூடினதால் எதை எடுத்து வெளியே வைப்பது என்று யோசிக்கிற பாட்டும் இருக்கிறது. அதற்குச் சனம் சிரிக்கும், பிறகு கண்ணைத் துடைக்கும்.

இந்தப் பாட்டுகளைக் கோடம்பாக்கத்தில் ஆர் எழுதப் போகிறார்கள்? அங்கே எழுதவேண்டிய தேவையும் இல்லை. இந்தத் தண்ணியைக் குடித்து வளர்ந்தவர்களுக்குத்தான் அது வரும்.

உங்களிடம் ஏன் கேட்கிறேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இசைக்குச் சம்பளம் கொடுக்கிற கை எது என்று கணக்கு எழுதுகிறவளாகப் பார்த்தால், அரசாங்கமும் இல்லை, வானொலியும் இல்லை, நீங்கள்தான். பங்குனியில் தொடங்கி ஆவணி வரை ஊருக்கு ஊர் கொடியேறும். தேர், தீர்த்தம், பூங்காவனம் என்று வரும் இரவுகளில்தான் எங்கள் குழுக்களுக்கு வேலை. அதற்கு வெளியே கல்யாண வீடு, சாமத்தியச் சடங்கு, கழக ஆண்டுவிழா. ரிக்கற் போட்டுச் சொந்தப் பாட்டு மட்டும் பாடும் நிகழ்ச்சி வைத்தால் மண்டப வாடகை, சவுண்ட், லைற், கேளிக்கை வரி என்று கட்டி முடிக்கக் கையில் நிற்பது வாகனக் கூலிக்கும் காணாது.

இது இன்று வந்த நிலைமையும் அல்ல. தவில் மேதை தெட்சணாமூர்த்தியை யார் வளர்த்தது? இணுவில், அளவெட்டி வித்துவான் பரம்பரைகளின் சாதகம் ஒரு பாதி. மறுபாதி உங்கள் தாத்தாமாரின் உபயம். ஒரே இரவில் பல கூட்டத் தவில்களை ஒரு வீதியில் நிறுத்தி, விடிய விடிய வாசிக்கவிட்டு, எது புதிது, எது கேட்காத கோர்வை என்று காது தீட்டி இருந்த சனம் அவரைத் தமிழ்நாட்டு வித்துவான்களும் வியக்கும் உயரத்துக்கு ஏற்றியது. அவர் 1975இல் மறைந்தார். அவரைப் பற்றிய பேச்சு இன்னும் நிற்கவில்லை. அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரமும் அந்த வீதிகளில்தான் முழங்கியது. புதிதைக் கேட்க ஆசைப்பட்டு, அதற்குக் காசும் கொடுத்த உபயகாரர் இருந்த மண் இது.

யாழ்ப்பாணத்து இசைக்குழுவான கண்ணன் கோஷ்டி வாசித்த இரவுகளைப் பற்றி என் அப்பா கதைக்கத் தொடங்கினால் விடியும். அதே காலத்தை ஒட்டித்தான் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் இலங்கைத் தமிழ்ப் பொப் பாட்டைக் கடல்கடந்து கொண்டு போனார்கள். எங்கள் பேச்சு, எங்கள் கேலி, எங்கள் மாமிமார், எங்கள் கள்ளுக்கடை எல்லாம் பாட்டுக்குள் வந்தன. பிறகு சண்டைக் காலம். பொருளாதாரத் தடையில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றிப் பாட்டுக் கேட்டோம் என்று நீங்களே எங்களுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். பாட்டுக்காகக் கை நோகப் பெடல் சுற்றிய ஒரு தலைமுறை, தன் பிள்ளைகளின் பாட்டுக்கு அரை மணி நேரம் இல்லை என்று சொல்லும்போது எனக்கு நம்பமுடியாமல் இருக்கிறது.

“சனம் தெரிஞ்ச பாட்டைத்தான் கேக்கும், பிள்ளை.” இதைச் சொல்லாத நிர்வாகம் இல்லை. உண்மைதான். ஆனால் எந்தப் பாட்டும் தெரிந்த பாட்டாகப் பிறப்பதில்லை. சினிமாப் பாட்டைப் படம் வருவதற்கு முன்னமே தொலைபேசியும் தொலைக்காட்சியும் நூறு தரம் காதில் போட்டுவிடுகின்றன. எங்கள் பெடியளுக்கு அந்த வசதி இல்லை. அவர்களுக்கு இருப்பது உங்கள் மேடைதான். நான் கூட்டத்துக்குள் நின்று பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்: சொந்தப் பாட்டு முதல் தரம் போகும்போது சனம் கச்சான் வாங்கப் போகும். அதே ஊரில் அடுத்த வருடம் போகும்போது பத்துப் பேர் வாய் அசைப்பார்கள். அந்தப் பத்துப் பேரைக் காணும்போது மேடையில் நிற்கிற பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் என்று நீங்களும் ஒருக்கால் கிட்ட நின்று பார்க்க வேண்டும்.

“கோயிலுக்கு இது பொருந்துமோ?” என்று கேட்பதை நான் மதிக்கிறேன். பூசையும் வீதியுலாவும் நடக்கும் நேரத்தில் கிற்றார் கேட்கவேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏற்கெனவே இசைக்குழுவுக்கு மேடை போடும் ஊர்களைத்தான் சொல்கிறேன். அந்த மேடையில் மழையில் நனைந்து காதலிக்கும் சினிமாப் பாட்டுக்கு இடம் இருக்குமானால், கிணற்றுத் தண்ணீரைப் பற்றிய பாட்டுக்கும் இடம் இருக்கத்தான் வேண்டும்.

எல்லாம் நல்ல பாட்டு என்று நான் பொய் சொல்ல மாட்டேன். சிலது சினிமா மெட்டின் நிழலாக இருக்கும். சிலதில் ஆங்கிலச் சொல்லைத் திணித்து ராப் என்று சத்தம் போடுவார்கள். அதை நான் அவர்களுக்கே சொல்லியிருக்கிறேன், இரண்டு நாள் என்னோடு கதைக்காமலும் இருந்திருக்கிறார்கள். ஆனால் பாட்டின் பழுது பின்னறையில் தெரியாது. சனத்துக்கு முன்னால் பாடி, எந்த இடத்தில் கூட்டம் கலைகிறது என்று கண்ணால் கண்டால்தான் எழுதியவனுக்கு உறைக்கும்.

இனி நேரக் கதை. இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் எங்கள் பாட்டுகள் பெரும்பாலும் இங்கேதான் வெட்டுப்படுகின்றன. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்கீழ் அனுமதி எடுக்கிறீர்கள். 2007இல் உயர் நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு வைத்தது. விசேட அனுமதியில் நேரம் நீட்டினாலும் ஒரு முடிவு நேரம் இருக்கும். அந்தச் சட்டம் தேவையானது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் வருத்தக்காரரும் எங்கள் அயலிலும் இருக்கிறார்கள். ஆனால் நடப்பது என்ன? தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுச்சின்னம் என்று நேரம் இழுபடும். பிறகு ஒருவர் மேடைக்குப் பின்னால் வந்து “தம்பியவை, நேரம் போட்டுது, உங்கட பாட்டை விட்டிட்டுக் குத்துப் பாட்டு ரண்டைப் போட்டு முடியுங்கோ” என்பார். மாதக்கணக்காகப் பழகிய பாட்டு அதோடு பட்டா என்கிற சின்ன லொறியில் ஸ்பீக்கர்களுக்கு மேலே படுத்துத் திரும்பி வரும். ஆகவே அந்த அரை மணியைக் கடைசியில் வைக்காதீர்கள். சனம் நிறைந்து, பிள்ளைகள் இன்னும் நித்திரையாகாத நேரத்தில், நடுவில் வையுங்கள்.

காணொளி பற்றியும் ஒரு சொல். நீங்கள் அமர்த்தும் வீடியோக்காரர் நிகழ்ச்சியை யூரியூப்பில் ஏற்றுவார். சினிமாப் பாட்டுக்கு விளம்பரக் காசு வந்தால் அது பெரும்பாலும் பாட்டின் உரிமையை வைத்திருக்கும் இந்திய நிறுவனத்துக்குப் போய்விடும். எங்கள் பிள்ளைகளின் பாட்டு அவர்களுடையது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிவு செய்தாலும் செய்யாவிட்டாலும், எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் உரிமை உண்டு. ஏற்றுவதற்கு முன் அவர்களிடம் ஒரு சொல் கேளுங்கள். பாட்டுக்குக் கீழே எழுதியவர், இசையமைத்தவர், வாசித்தவர் பெயரைப் போடுங்கள். தன் பெயரைத் தேடித் தேடி ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை அந்தப் பக்கத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்ததை நான் பக்கத்தில் இருந்து கண்டேன். அது இல்லை.

வெளிநாட்டில் இருக்கும் உறவுகளுக்குத் தனியாக: இந்தியாவில் இருந்து ஒரு பாடகரை அழைக்கும் செலவில் ஒரு சிறு பங்கு இங்கே ஒரு குழு தன் பாட்டை ஒழுங்காக ஒலிப்பதிவு செய்யக் காணும். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு கிற்றார் நரம்பு வாங்குவதே யோசித்துச் செய்யும் காரியமாகிவிட்டது. எங்கள் கடற்காற்றில் அது துருப்பிடிப்பதும் விரைவு. ஊருக்கு வரும்போது சொக்லேற்றோடு ஒரு செற் நரம்பும் கொண்டு வாருங்கள். நான் கேட்டேன் என்று கூச்சப்படாமல் சொல்கிறேன்.

வருகிற பருவத்துக்கான நோட்டீஸ் அடிக்கக் கொடுக்கும்போது, குழுவின் பெயருக்குக் கீழே “சொந்தப் பாடல்கள்” என்று ஒரு வரியைச் சேர்த்து, நேரத்தையும் போட்டுவிடுங்கள். அச்சில் வந்த நேரத்தை ஒருவரும் இலேசில் வெட்ட மாட்டார்கள். பாட்டை முன்னமே கேட்டுப் பார்த்துத்தான் முடிவு சொல்லவேண்டும் என்றால் அதுவும் நியாயம். ஒரு ஞாயிறு பின்னேரம் கொக்குவிலுக்கு வாருங்கள், கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, எல்லாப் பாட்டும் பாடிக் காட்டுவார்கள். மாமா, உங்களை நானே மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகிறேன்.

அன்போடு,
யாழ்ப்பாணத்து இசைக்குழுக்களின் ரசிகையும் தோழியும்