பனிக்கு முன்பே கெட்ட காரியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்மன்கள் எனப்படும், அமெரிக்காவில் தோன்றிய பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையினரின் வரலாற்றையும் இன்றைய வாழ்வையும் பற்றி ஹெலன் விட்னி எடுத்து, அமெரிக்காவின் பி.பி.எஸ். தொலைக்காட்சி 2007-இல் இரண்டு இரவுகளாக ஒளிபரப்பிய நான்கு மணி நேர ஆவணப்படத்துக்கு உங்கள் ஞாயிறு இணைப்பில் ஓர் அறிமுகம் வந்திருந்தது. பார்க்கச் சொன்னது சரி. ஆனால் 1856-ஆம் ஆண்டின் கைவண்டிப் பயணத்தை 'பனியில் மாண்ட பக்தர்கள்' என்று ஒரே வரியில் கடந்துவிட்டார் கட்டுரையாளர். பனி வந்தது கடைசியில்தான். காரியம் அதற்கு மூன்று மாதம் முன்பே கெட்டுவிட்டது.

மார்மன் சபையில் சேர்ந்து ஐரோப்பாவிலிருந்து வந்து இறங்கிய ஏழைகளுக்கெல்லாம் மாட்டுவண்டி வாங்கித்தர சபையிடம் அன்று பணம் இல்லை. ஆளே இழுக்கும் கைவண்டி போதும் என்றார் தலைவர் பிரிகாம் யங். ரயில் அயோவா சிட்டியோடு நின்றது. அங்கிருந்து மார்மன்கள் குடியேறியிருந்த, யூட்டாவின் சால்ட் லேக் பள்ளத்தாக்கு ஏறத்தாழ 2,100 கிலோமீட்டர். ஐந்து பேருக்கு ஒரு கைவண்டி, இருபது பேருக்கு ஒரு கூடாரம், நூறு பேருக்கு மாடு பூட்டிய ஒரு சரக்கு வண்டி. துணி, படுக்கை, பாத்திரம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 17 பவுண்டு. எட்டு கிலோகூட இல்லை. கணக்கில் தப்பில்லை. அதே ஆண்டு முன்னதாகக் கிளம்பிய மூன்று குழுக்கள் இப்படித்தான் போய்ச் சேர்ந்தன.

மாட்டிக்கொண்டவை வில்லி, மார்ட்டின் இருவரும் நடத்திய கடைசிக் குழுக்கள். மொத்தம் சுமார் ஆயிரம் பேர். கப்பல் தாமதம். வந்தால் அயோவா சிட்டியில் வண்டிகள் தயாராக இல்லை. அவசர அவசரமாகப் பச்சை மரத்தில் செய்தார்கள். நம் ஊர்த் தச்சர் யாரைக் கேட்டாலும் மீதியைச் சொல்லிவிடுவார்: வறண்ட காற்றில் மரம் உலர்ந்து சுருங்க, ஆரக்கால் குடத்துக்குள் ஆடும், வட்டை பிளக்கும். அச்சும் மரம்தான். அதில் மணல் புகுந்து அரைத்தது. வண்டிமை கிடைக்காமல், சாப்பிட வைத்திருந்த பன்றி இறைச்சியையும் சோப்பையும் தேய்த்தார்கள். அந்தப் பிசுக்கில் இன்னும் மணல் ஒட்டியது. வில்லி குழு ஜூலை 15, மார்ட்டின் குழு ஜூலை 28 என்று தாமதமாகக் கிளம்பியதோடு, வழியில் பழுது பார்த்தே நாட்கள் கரைந்தன.

ஆகஸ்டில், வழியில் நெப்ராஸ்காவின் ஃபுளோரன்ஸ் என்ற இடத்தில் ஒரு வாய்ப்பு இருந்தது. இந்தப் பருவத்தில் மலையைத் தாண்ட முடியாது, இங்கேயே குளிர்காலத்தைக் கழிப்போம் என்றார் வில்லி குழுவின் லீவை சாவேஜ். எடுபடவில்லை. எதிர்த்துப் பேசியவரும் கூடவே நடந்தார். அங்கே வண்டிக்கு 98 பவுண்டு மாவு மூட்டை ஒன்று கூடுதலாக ஏறியது. ஆடும் சக்கரத்தின் மேல் 44 கிலோ! அக்டோபரில் மாவு குறைந்தது, படி அளவும் குறைந்தது. அக்டோபர் 17 அன்று மார்ட்டின் குழு பாரத்தைக் குறைக்கப் பெரியவர்களுக்கு ஆளுக்கு 10 பவுண்டு என்று வரம்பு வைத்து, மிச்சப் போர்வை, துணிகளை எரித்தது. இரண்டே நாளில், 19-ஆம் தேதி, வடபிளாட் ஆற்றை இறங்கிக் கடந்தார்கள், அன்றுதான் பனிப்புயல். இரு குழுக்களிலும் சேர்த்து 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

தாமதமாக ஆட்கள் வருவது அக்டோபர் தொடக்கத்தில்தான் யங்குக்குத் தெரிந்தது. மறுநாள் மாநாட்டு மேடையிலிருந்தே கோவேறு கழுதை, வண்டியோட்டி, மாவு என்று எண்ணிக்கை சொல்லிக் கேட்டார். 7-ஆம் தேதி மீட்பு வண்டிகள் கிளம்பிவிட்டன. மார்மன்களைப் புரிந்துகொள்ள இந்த வேகம் முக்கியம். சொன்னதும் ஊரே எழுந்து செய்யும்.

அந்தக் கீழ்ப்படிதலுக்கு இன்னொரு முகமும் உண்டு. பதினோரு மாதம் கழித்து, 1857 செப்டம்பர் 11 அன்று, தெற்கு யூட்டாவின் மவுன்டன் மெடோஸில், வெள்ளைக்கொடி காட்டி, பத்திரமாக அழைத்துப் போகிறோம் என்று வாக்குக் கொடுத்து, ஆர்கன்சாவிலிருந்து வந்த பயணிகள் சுமார் 120 பேரை மார்மன் படையினர், பழங்குடியினர் சிலரையும் சேர்த்துக்கொண்டு கொன்றார்கள். மிஞ்சியவர்கள் 17 சிறு குழந்தைகள். தண்டனை பெற்றவர் ஜான் டி. லீ ஒருவர்தான்; அதுவும் 20 ஆண்டு கழித்து. ஆவணப்படம் இதை மறைக்காமல் பேசுகிறது. உங்கள் கட்டுரையில் ஒரு சொல் இல்லை.

இன்றைய வாழ்விலும் அதே கட்டுக்கோப்பு, அமைதியான வடிவில். குடியிருக்கும் பகுதியை வைத்து 'வார்டு'. அதை நடத்தும் பிஷப் சம்பளமில்லாதவர். வேறு வேலை பார்த்துக்கொண்டே சுமார் ஐந்தாண்டு செய்கிறார். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு சபைக்கு. மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை உண்ணாமல், மிச்சமாகும் பணத்தை ஏழைகளுக்குத் தருகிறார்கள். நற்கருணைக்கு அப்பமும் திராட்சை ரசமல்ல, தண்ணீரும். மது, புகையிலையோடு காபி, டீயும் விலக்கு (நமக்குக் கஷ்டமான மதம்தான்). ஆண்கள் இரண்டாண்டு ஊழியத்துக்குப் போவதும் பெரும்பாலும் குடும்பச் செலவில்.

கடைசியாக, பல மனைவியருடன் ஒருவர் நிற்கும் இன்றைய படத்தின் கீழ் 'ஒரு மார்மன் குடும்பம்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். பலதார மணத்தை யூட்டாவில் 1852-இல் வெளிப்படையாக அறிவித்த சபை, 1887-ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் சட்டம் சபையின் சொத்தைப் பறிக்கும் அளவுக்குப் போனபின், 1890-இல் கைவிடுவதாக அறிவித்தது. ஆறாண்டில் யூட்டா மாநிலமானது. சிலர் இரகசியமாகத் தொடர்ந்ததால், 1904-இல் மீறினால் நீக்கம் என்று இறுக்கினார்கள். இன்று அப்படி வாழ்பவர்கள் பிரிந்துபோன சிறு குழுக்களைச் சேர்ந்தவர்கள். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் அவர்களுக்கு இடமில்லை. அந்தப் படக்குறிப்பையாவது அடுத்த ஞாயிறு திருத்தி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாளையங்கோட்டை